வீடா, ஆபீஸா, இரண்டும் கலந்தா: எந்த வேலைமுறை யாருக்குப் பொருந்தும்?

கையில் இரண்டு ஆஃபர் லெட்டர். ஒன்றில் சம்பளம் கூடுதல், ஆனால் வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் போக வேண்டும். இன்னொன்றில் சம்பளம் கொஞ்சம் குறைவு, முழுக்க வீட்டிலிருந்தே வேலை. அல்லது, இருக்கிற கம்பெனியே "வீடு, ஆபீஸ், இரண்டும் கலந்து, எது வேண்டுமோ எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு படிவத்தை நீட்டியிருக்கிறது. இந்த இடத்தில் முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்கள் கேட்பது இதுதான்: எது நல்லது?

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. வேலையில் மனநிறைவையும், வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான சமநிலையையும் ஒன்றாகச் சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். இரண்டும் வேறு. வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் மனநிறைவு சட்டென்று கூடிவிடும். பயணம் இல்லை, அலைச்சல் இல்லை, பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்க யாரும் இல்லை. சமநிலை அப்படித் தானாக வராது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேலை பிடித்துத்தான் இருக்கும், ஆனால் அது எத்தனை மணிக்கு முடிகிறது என்று சொல்லத் தெரியாது. ஆபீஸ் போகிறவருக்கு நேரெதிராகவும் நடக்கும். தினமும் சலித்துக்கொண்டே கிளம்புவார், ஆனால் வீட்டுக்குள் நுழைந்தபின் வேலை அவரைத் தொடராது. ஆகவே இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும்.

இங்கே பேசுவது கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலைகளைப் பற்றி மட்டும். நர்ஸுக்கும் ஓட்டுநருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இந்தத் தேர்வே கிடையாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நேரம். டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் தங்கள் முந்தைய நாளைப் பகுதி பகுதியாக நினைவுகூர்ந்து, அந்தந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்று குறித்தார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான் பட்டியலின் அடியில் இருந்தது. பின்னாளில் 27 நாடுகளில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் சராசரியாக 72 நிமிடப் பயணம் மிச்சமாகிறது என்று சொன்னது. இதுவரை எல்லோருக்கும் பிடித்த செய்திதான். அடுத்த தகவலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: மிச்சமான நேரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் திரும்ப வேலைக்கே போய்விடுகிறது. ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் 34 சதவீதம். பிள்ளைகளையோ பெரியவர்களையோ கவனித்துக்கொள்ள 11 சதவீதம். அதாவது 72 நிமிடத்தில் 29 நிமிடம் கம்பெனிக்கு, 8 நிமிடம் கவனிப்பு தேவைப்படும் வீட்டாருக்கு. எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறோம். அது யாரிடம் போய்ச் சேரும் என்ற கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

அடுத்தது, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவிலான கோடு. இதில் மனிதர்கள் இரண்டு வகை. சிலருக்கு இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் நிம்மதி. வேலை நேரத்தில் வீட்டு போன் வந்தாலும் எரிச்சல், வீட்டில் இருக்கும்போது ஆபீஸ் மெயில் வந்தாலும் எரிச்சல். இன்னும் சிலருக்கு இரண்டும் கலந்து ஓடுவதுதான் வசதி. மதியம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்துவிட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் வேலை பார்ப்பார்கள், அதில் அவர்களுக்கு வருத்தமே இருக்காது. இதில் உயர்வு தாழ்வு ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் எந்த வகை என்று தெரியாமல் வேலைமுறையைத் தேர்ந்தெடுத்தால் அவதிதான்.

பிறகு கற்றுக்கொள்வது, மேலே போவது, ஆட்களோடு இருப்பது. இவற்றை ஒவ்வொரு முறையிலும் பார்க்கலாம்.

வீட்டு நிலைமையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை உண்டா? பகலில் வீட்டில் வேறு யார் இருப்பார்கள்? நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள் என்பதாலேயே யாருடைய வேலை உங்கள் தலையில் விழும்? இந்த மூன்று கேள்விக்கும் மழுப்பாமல் பதில் சொல்லிப் பாருங்கள்.

கடைசி அளவுகோல் எனக்கு மிக முக்கியமாகப் படுவது: தீர்மானிப்பது யார்? ரவி கஜேந்திரன், டேவிட் ஹாரிசன் இருவரும் 2007இல் 46 ஆய்வுகளை, மொத்தம் 12,883 ஊழியர்களைப் பற்றிய தகவல்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு மனநிறைவு ஓரளவு கூடியிருந்தது. அதற்குப் பெரிய காரணம், தன் வேலையைத் தன் விருப்பப்படி நடத்த முடிகிறது என்ற உணர்வு. அப்படியானால், வீட்டில் உட்கார வைத்துவிட்டு நாள் முழுக்க கேமராவை ஆன் செய்யச் சொல்லும் இடத்தில், மவுஸ் அசைகிறதா என்று மென்பொருள் வைத்துப் பார்க்கும் இடத்தில், அந்த நிறைவு எங்கிருந்து வரும்? வீடு என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

## முழுக்க வீட்டிலிருந்து

இதைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு, சீனாவின் பயண ஏற்பாட்டு நிறுவனமான சிடிரிப்பில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூமும் சக ஆய்வாளர்களும், வீட்டிலிருந்து வேலை செய்ய விண்ணப்பித்த கால் சென்டர் ஊழியர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை வைத்துப் பிரித்ததால் யாருக்கும் சலுகை இல்லை. ஒரு குழு வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து, ஒரு நாள் ஆபீஸில். இன்னொரு குழு எல்லா நாளும் ஆபீஸில். ஒன்பது மாதம் இது நடந்தது. வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது, மனநிறைவு கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

இந்த 13 சதவீதத்தில் 9 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஷிப்டில் அதிக நிமிடம் வேலை செய்ததிலிருந்து. இடைவேளை குறைந்தது, உடம்பு சரியில்லை என்று எடுக்கும் லீவு குறைந்தது. கம்பெனிக்கு அது லாபம். ஊழியரின் பக்கம் நின்று பார்த்தால், ஆபீஸில் எழுந்து நடந்த நேரமும், காய்ச்சல் வந்தால் படுத்திருந்த நேரமும் வேலைக்குள் கரைந்துவிட்டன என்றும் சொல்லலாம். மனநிறைவும் சமநிலையும் வேறு வேறு என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்யத் தகுதி பெற, தனி அறையும் அகலப்பட்டை இணைய இணைப்பும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். ஆக, நல்ல பலன் வந்தது அந்த வசதி இருந்த வீடுகளில். மற்றது, அதே அளவு திறமையாக வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்தது.

இதற்கு மாறான முடிவைத் தந்த ஆய்வும் இருக்கிறது. டேவிட் ஆட்கின், ஆன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகியோர் சென்னையில் தரவு உள்ளீட்டு வேலைக்கு ஆட்களை எடுத்து, யார் வீட்டிலிருந்து, யார் ஆபீஸில் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வித்தியாசம் முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, ஆபீஸில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. வீட்டிலிருந்து வேலை செய்வதைத்தான் விரும்புகிறேன் என்று சொன்னவர்கள், வீட்டில் 27 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். ஆபீஸை விரும்பியவர்களுக்கு அந்தக் குறைவு 13 சதவீதம்தான். சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களிடமும், வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்ள வேண்டியவர்களிடமும், ஏழைக் குடும்பங்களிலும் இது தூக்கலாகத் தெரிந்தது. வீட்டை விட்டு வர முடியாதவர்கள்தான் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்கிறார்கள், அவர்கள் வீட்டில்தான் வேலை செய்ய இடைஞ்சலும் அதிகம். அதை அவர்களுடைய விருப்பம் என்று எழுதிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் ஒளிந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம்.

மாலை ஆறரை மணி. லேப்டாப் சாப்பாட்டு மேசையில் திறந்தபடி இருக்கிறது, மூடத்தான் போகிறீர்கள். ஓரத்தில் ஒரு செய்தி எட்டிப் பார்க்கிறது: "ஒரு சின்ன விஷயம், இப்போ பார்க்க முடியுமா?" ஐந்து நிமிட வேலைதான். ஆபீஸாக இருந்தால் பையை மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் மறுக்க ஒரு காரணமும் கிடைப்பதில்லை. ஐந்து நிமிடம் நாற்பது ஆகிறது, மேசை காலியாகட்டும் என்று வீட்டார் தட்டுகளோடு காத்திருக்கிறார்கள். ஒரு நாள் என்றால் பரவாயில்லை, வழக்கமாகிவிட்டால் உடம்பையே பாதிக்கும். வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து சொல்லின.

சில நாடுகள் இதற்குச் சட்டம் போட்டிருக்கின்றன. பிரான்ஸில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுகல் 2021இல் இயற்றிய சட்டம், அந்த நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பதை முதலாளியின் கடமையாகவே ஆக்கியது. வீட்டிலிருந்து வேலை செய்வதால் கூடும் மின்சார, இணையச் செலவையும் முதலாளியே தர வேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இப்படியொரு உரிமை வந்தது. இத்தகைய சட்டம் இல்லாத இடத்தில் உங்கள் பாதுகாப்பு உங்கள் மேனேஜரின் குணத்தைப் பொறுத்தது.

பணச் செலவும் உண்டு. மின்சாரம், இணையம், நல்ல நாற்காலி. லேப்டாப்பை மட்டும் வைத்து எட்டு மணி நேரம் உட்காருவது கழுத்துக்கு ஆகாது. விசைப்பலகை கைக்கு வசதியான உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்துவிடும், திரையைத் தூக்கினால் கை தூக்கிக்கொள்ளும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டுமானால், தனியாக ஒரு விசைப்பலகை வாங்கியே ஆக வேண்டும். இதையெல்லாம் கம்பெனி தருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தனிமை. சிடிரிப் ஊழியர்களில் திரும்ப ஆபீஸுக்கே வருகிறேன் என்றவர்கள் முக்கியமாகச் சொன்ன காரணம் அதுதான். தனியாக வசிப்பவர் ஒருவர், மீட்டிங் இல்லாத நாளில், காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு வார்த்தைகூட வாய்விட்டுப் பேசாமல் இருந்துவிட முடியும். முதல் வாரம் அது சுகமாக இருக்கும். ஆறாவது மாதம் எப்படி இருக்கும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எப்போது இது சிறந்தது? பயணம் மிக நீளம், வீட்டில் கதவுள்ள ஒரு அறை, வேலையில் ஏற்கனவே கை தேர்ந்தவர், டீமில் எல்லோருமே தொலைவிலிருந்து வேலை செய்கிறார்கள், விஷயங்களை எழுதி வைக்கும் பழக்கம் அங்கே உண்டு. இவை பொருந்தினால் இதற்கு இணை வேறில்லை. நடமாடச் சிரமப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கும், நீண்டகால நோயோடு வேலை செய்பவர்களுக்கும் இந்த முறை வேலை வாய்ப்பையே திறந்துவிடுகிறது. அவர்களிடம் பதவி உயர்வு, தனிமை என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

## முழுக்க ஆபீஸ்

இதன் குறை எல்லோருக்கும் தெரியும். பயணத்தைக் கணக்குப் போட்டால் அதன் அளவு இன்னும் நன்றாகத் தெரியும். போக ஒரு மணி, வர ஒரு மணி, மாதம் 22 வேலை நாள் என்றால் 44 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஐந்தரை நாள். சம்பளமில்லாமல் மாதம் ஐந்தரை நாள் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். வாரம் 2, 3 நாள் வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பை ஊழியர்கள் சராசரியாகச் சம்பளத்தில் 5 சதவீதத்துக்குச் சமமாக மதிப்பிடுகிறார்கள் என்று மேலே சொன்ன 27 நாட்டு ஆய்வுக் குழு கண்டது. இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நாள் ஆபீஸ் கேட்கும் கம்பெனி தரும் கூடுதல் சம்பளம் மிகச் சிறியதாக இருந்தால், பயணம் அதை விழுங்கிவிடும்.

ஆனால் ஆபீஸின் நன்மையை இப்போது பலர் குறைத்து மதிக்கிறார்கள், முக்கியமாக முதல் வேலையில் சேர்பவர்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ஒரு நிரல் ஓடாமல் பிழை காட்டுகிறது. ஆபீஸில் நாற்காலியைத் திருப்பி, "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றால் போதும். மூத்தவர் எட்டிப் பார்த்து, எந்த வரி என்று காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். காட்டியதோடு, ஏன் அப்படி ஆனது என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்வார். வீட்டில் இருந்தால் அதே பிள்ளை, இதைப் போய்க் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தயங்கும். செய்தியை எழுதும், அழிக்கும். கடைசியில் இரண்டு மணி நேரம் தானே போராடிவிட்டு மன்னிப்போடு சேர்த்து அனுப்பும். ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களிடம் எம்மா ஹாரிங்டன், நடாலியா இமானுவேல், அமாண்டா பாலைஸ் செய்த ஆய்வும் இதையே காட்டியது. டீமோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, எழுதிய நிரலைப் பற்றி அதிகக் கருத்துகள் கிடைத்தன. இளையவர்களுக்கு அதனால் கூடுதல் பலன். அந்தப் பலனுக்கான விலையை மூத்தவர்கள் கொடுத்தார்கள்: சொல்லிக்கொடுத்த நேரத்தில் அவர்களுடைய சொந்த வேலை குறைந்தது. ஆக, ஒரே ஆபீஸ் இருபத்திரண்டு வயதுக்காரருக்குப் பள்ளிக்கூடம், பதினைந்து வருட அனுபவசாலிக்கு இடைஞ்சல். இருவரும் தங்கள் அனுபவத்தை மட்டும் வைத்து வாதிட்டால் ஒரு நாளும் ஒத்துப்போக மாட்டார்கள்.

மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தகவல் தொடர்பை 2020இன் முதல் பாதி வரை ஆராய்ந்ததில், எல்லோரும் வீட்டுக்குப் போனபின் ஒவ்வொரு குழுவும் தனக்குள்ளேயே பேசிக்கொள்வது கூடி, குழுக்களுக்கு இடையிலான தொடர்பு குறைந்தது தெரிந்தது. உங்கள் வேலை பல துறைகளைத் தொட்டுப் போவதாக இருந்தால் இது உங்களை நேரடியாகப் பாதிக்கும்.

ஆபீஸின் மறைமுகச் செலவுகளில் பயணச் செலவும் உடைச் செலவும் சின்னவை. பெரியது, அவசரத்துக்கு வளைந்து கொடுக்காத நேரம். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்கு மெக்கானிக் வருகிறார், அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும், எல்லாவற்றுக்கும் அரை நாள் லீவு. இரண்டாவது, தடுப்பில்லாமல் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்காருவதால் சிதறும் கவனம். ஆழ்ந்து யோசிக்க வேண்டிய வேலையை ஆபீஸில் செய்ய முடியாமல் ராத்திரி வீட்டில் செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு முறையின் கெடுதலும் சேர்ந்து கிடைக்கிறது.

எப்போது இது சிறந்தது? வேலையில் முதல் இரண்டு மூன்று வருடங்கள், புதிய துறைக்கு மாறிய புதிது, வீட்டில் இடமோ அமைதியோ இல்லாத நிலைமை, பயணம் அரை மணிக்குள் முடிவது, வேலையை வீட்டுக்குள் விடவே பிடிக்காத குணம். வீட்டுக்குள் நிம்மதி இல்லாதவர்களுக்கும் ஆபீஸ் ஒரு புகலிடம். இதை வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் எந்த விவாதத்திலும் இது வருவதில்லை.

## கலப்பு முறை

வாரத்தில் சில நாள் வீடு, சில நாள் ஆபீஸ். தகவல்களைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

சிடிரிப்பே பின்னாளில் டிரிப்.காம் என்ற பெயரில் 2021, 2022இல் இன்னொரு சோதனை நடத்தியது. பட்டம் பெற்ற 1,612 ஊழியர்கள், பொறியியல், மார்க்கெட்டிங், நிதி போன்ற பிரிவுகளில் இருந்தவர்கள். ஒரு குழுவுக்கு புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை, மற்ற குழுவுக்கு ஐந்து நாளும் ஆபீஸ். வேலையை விடுகிறவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மேனேஜர் அல்லாதவர்கள், பெண்கள், நீண்ட பயணம் செய்பவர்கள், இவர்களிடம் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. அடுத்த இரண்டு வருட அப்ரைசலிலும் பதவி உயர்விலும் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. முதல் சோதனையில் நான்கு நாள் வீட்டிலிருந்தவர்கள் பதவி உயர்வில் பின்தங்கியதை நினைத்துப் பாருங்கள். வேலை வேறு, காலம் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் இரண்டு நாள் வீடு யாரையும் பின்தள்ளவில்லை என்பது நல்ல செய்தி. சோதனைக்கு முன் இதனால் உற்பத்தித்திறன் குறையும் என்று நினைத்த மேனேஜர்கள், முடிந்தபின் சராசரியாகச் சற்றுக் கூடும் என்று கருத்தை மாற்றிக்கொண்டார்கள். 2024இல் இது நேச்சர் இதழில் வந்தது.

எத்தனை நாள் என்ற கேள்விக்குப் பழைய ஆய்வுகளிலும் குறிப்பு இருக்கிறது. திமோதி கோல்டனும் ஜான் வைகாவும் 2005இல் எழுதியதன்படி, வீட்டிலிருந்து வேலை செய்யும் நேரம் கூடக்கூட மனநிறைவும் கூடுகிறது, ஆனால் வாரம் ஏறக்குறைய 15 மணி நேரத்துக்கு மேல் போனால் ஏற்றம் நின்றுவிடுகிறது. அது இரண்டு நாள் கணக்கு. முன்பு சொன்ன 2007ஆம் ஆண்டுத் தொகுப்பில், வாரம் இரண்டரை நாளுக்கு மேல் வீட்டில் இருந்தவர்களுக்கு வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி அதிகம் குறைந்தது, ஆனால் சக ஊழியர்களுடனான உறவு கெட்டது. உங்களுக்கு எது அதிகம் வலிக்கும் என்று பார்த்து நாள் கணக்கை வையுங்கள்.

இந்த முறையைப் பாழாக்குவது, எல்லோரும் சேர்ந்து வரும் நாளை முடிவு செய்யாமல் விடுவது. யார் எந்த நாள் வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் பயணம் செய்து ஆபீஸ் போகிறீர்கள். டீமில் இருவர் மட்டும் வந்திருக்கிறார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருக்கும் மற்ற ஐவரோடு நாள் முழுக்க வீடியோ காலில் பேசுகிறீர்கள். சாயங்காலம் மறுபடி ஒரு மணி நேரப் பயணம். அந்த நாளில் ஆபீஸால் கிடைக்க வேண்டியது ஒன்றும் கிடைக்கவில்லை. டீம் முழுக்க வரும் நாள் நிலையாக இருந்தால்தான் இந்த முறைக்கு அர்த்தம். எதை எந்த நாளில் செய்வது என்றும் பிரிக்க வேண்டும். பேச்சும் திட்டமும் ஆபீஸ் நாளில், எழுத்தும் ஆழ்ந்த வேலையும் வீட்டு நாளில்.

மறைமுகச் செலவு இதிலும் இருக்கிறது. வீட்டிலும் மேசை நாற்காலி வேண்டும், ஆபீஸ் பக்கத்திலேயே குடியிருக்கவும் வேண்டும். வேறு ஊருக்குக் குடிபோய் வாடகையைக் குறைக்கும் வழி முழுக்க வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு உண்டு, இவருக்கு இல்லை. கோடு போட்டு வாழ்கிற குணமுள்ளவர்களுக்கு வாரத்தில் இரண்டு விதமான நாள் ஓடுவதே களைப்பு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதும் சிக்கல், ஏனென்றால் இரண்டு நாளுக்கு மட்டும் ஆள் கிடைப்பது கடினம்.

எப்போது இது சிறந்தது? நடுத்தரப் பயணம், ஓரளவு அனுபவம், வளர வேண்டும் என்ற எண்ணமும் குடும்பப் பொறுப்பும் ஒரே நேரத்தில் இருப்பவர்கள், ஆட்களைப் பார்த்தால்தான் உற்சாகம் வருகிறவர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | முழுக்க வீடு | கலப்பு | முழுக்க ஆபீஸ் |
|---|---|---|---|
| பயண நேரம் | முழுதும் மிச்சம், ஆனால் கணிசமான பங்கை வேலை எடுத்துக்கொள்ளும் | ஓரளவு மிச்சம் | மிச்சம் இல்லை |
| வேலை முடியும் நேரம் | நீங்களே முடித்தாக வேண்டும் | வீட்டு நாளில் கவனம் தேவை | கிளம்பினால் முடிந்தது, மெயில் தொடராவிட்டால் |
| புதியவர் கற்றுக்கொள்வது | கடினம் | டீம் சேர்ந்து வரும் நாள் நிலையாக இருந்தால் நன்று | எளிது |
| பதவி உயர்வு | டீமில் பாதி ஆபீஸில் இருந்தால் பின்தங்கலாம் | பாதிப்பு குறைவு | பாதிப்பு இல்லை |
| தனிமை | அதிகம், தனியாக வசித்தால் மிக அதிகம் | குறைவு | குறைவு |
| திடீர் குடும்பத் தேவை | சமாளிக்கலாம் | வீட்டு நாளில் சமாளிக்கலாம் | லீவுதான் |
| மறைமுகச் செலவு | அறை, நாற்காலி, மின்சாரம் | இரண்டு பக்கமும் கொஞ்சம் | பயணம், வளையாத நேரம் |

வீட்டுக்குப் பக்கத்தில் மேசை வாடகைக்குத் தரும் பொதுப் பணியிடம் நான்காவது வழி. வீட்டில் அறை இல்லாதவருக்கும் தனிமை தாங்காதவருக்கும் உதவும். வாடகையைக் கம்பெனி ஏற்றால் யோசிக்கலாம். சொந்தப் பணத்தில் என்றால் சம்பளத்திலிருந்து கழித்துப் பாருங்கள்.

## சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை சிறிது, ஆகவே வீட்டிலிருந்து வேலை என்று முடிவெடுக்கும் தாய்மார்கள் நிறைய. முடிவு சரியாக இருக்கலாம், கணக்கு தவறாக இருக்கக் கூடாது. இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே எட்டு மணி நேர வேலையைச் செய்ய முடியாது. அது இரண்டு முழுநேர வேலை. பிள்ளையைக் கவனிக்க வேறொருவர் இருந்தால்தான் வீட்டிலிருந்து வேலை என்பது உதவி. இல்லாவிட்டால் பகலில் பிள்ளை, ராத்திரி லேப்டாப், தூக்கம் பாதி என்றுதான் முடியும். அவர் வீட்டில்தானே இருக்கிறார் என்று சமையலும் துணியும் வாசலில் வரும் பார்சலும் அவர் தலையிலேயே விழும். கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து, வேலை நேரத்தில் எந்த வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கம்பெனிக்குப் பதில் அனுப்புங்கள். கணவருக்கும் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது, மனைவி ஐந்து நாளும் வீட்டில் இருப்பதைவிடப் பல குடும்பங்களுக்கு நல்ல வழி.

## கையெழுத்துப் போடும் முன்

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் ஹெச்.ஆரிடம் வாய்வார்த்தையாகப் பேசி விட்டுவிடாதீர்கள். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை பதில் சொல்ல வேண்டும்? டீமில் எத்தனை பேர் தொலைவிலிருந்து வேலை செய்கிறார்கள், அவர்களில் கடந்த வருடம் பதவி உயர்வு பெற்றவர்கள் உண்டா? உங்கள் நேரடி மேனேஜர் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மேனேஜர் ஐந்து நாளும் ஆபீஸில் இருந்து, நீங்கள் மட்டும் வீட்டில் என்றால் அவர் கண்ணில் நீங்கள் அரிதாகத்தான் படுவீர்கள். கண்காணிப்பு மென்பொருள் உண்டா என்றும் கேளுங்கள். இந்த ஏற்பாட்டைக் கம்பெனி ஒருதலையாக மாற்ற முடியுமா, முடியுமென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் முக்கியம், அதிலும் இதை நம்பி வீடு மாற்றுகிறவர்களுக்கு.

முடிந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனி தயங்கினால் சிடிரிப் சோதனையின் முடிவை எடுத்துச் சொல்லலாம். ஒன்பது மாதம் முடிந்து, இனி எங்கிருந்து வேலை செய்ய விருப்பம் என்று மறுபடி கேட்டபோது, முதலில் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற விட்டதில், வீட்டிலிருந்து வேலை செய்வதால் வந்த பயன் 13 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 22 சதவீதமாக ஏறியது. அதனால் இந்த உரிமையைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, கம்பெனிக்கும் லாபம் என்று சொல்லியே கேட்கலாம். ஒப்பந்தத்தில் எழுத மறுத்தால் மெயிலிலாவது ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.